“முடிச்சாச்சே” என்றால் யாருக்கு முடிந்தது?

நேற்று ஜெர்மன் வகுப்பில் மாதிரி வாய்மொழித் தேர்வு. ஆசிரியர் நோயாளி, நான் நர்ஸ். மருந்து குடிக்க ஏதோ கேட்கிறார். “லோஃபல்” என்கிறார். எங்கேயோ கேட்ட சொல், அது மட்டும் தெரிகிறது. பொருள் வரவே இல்லை. “இது ஏ1-லயே முடிச்சாச்சேம்மா” என்றார். ஏ1 என்பது ஜெர்மன் படிப்பின் முதல் நிலை. வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஜனவரி மாதத்துப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: டெர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராத மூன்றாம் பால். நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனாவில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எழுதியதோடு சரி. ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள்கூட அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொல்லவில்லையே!

வயிறு எரிகிறது. தினமும் போர்டில் முப்பது சொல். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மறுநாள் அடுத்த முப்பது. பழையதைக் கேட்டால், “வீட்ல ரிவைஸ் பண்ணிக்கோங்க, சிலபஸ் ஓடணும்ல.” எந்த வீட்டில்? நைட் டூட்டி முடித்து, உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, செக்கானூரணி வரை நின்றுகொண்டே வந்து, ஆரப்பாளையத்தில் இறங்கி வகுப்புக்கு ஓடுகிறவள் நான். நகையை அடகு வைத்துக் கட்டிய பீஸ் இது.

மூன்றாம் நிலையான பி1 தேர்வுக்கு சுமார் 2400 சொல் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஏ1-இல் படித்த சுமார் 650 சொல்லும் அதற்குள்தான் வருகிறது. அப்படியிருக்க, ஏ1 சொல்லை எப்படி ‘முடித்து’ வைக்க முடியும்?

என் மண்டைக் கோளாறு என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் எபிங்ஹவுஸ், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-லேயே எழுதிவிட்டார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் நழுவிவிடுகிறது. ஆனால் அதையே மறுபடி படிக்க முதல் தடவை அளவுக்கு நேரம் பிடிப்பதில்லை. அதாவது திருப்பிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள்.

என் தாத்தா ஐந்தாவதுதான் படித்தார். எண்பது வயதிலும் மாகாணி வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னார். தினமும் சாயங்காலம் வகுப்பு முழுக்க எழுந்து நின்று கோரஸாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவார்களாம். அந்த வாத்தியார் ‘முடிச்சாச்சு’ என்று விட்டுவிடவில்லை.

இப்போது நானே வழி பண்ணிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, ஒரு பக்கம் ஜெர்மன், மறு பக்கம் தமிழ். தீபாவளி ஸ்வீட் பெட்டிகள் மூன்று. லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறைதான் இது. முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரம் ஒரு தடவை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால், எங்கே இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். பஸ்ஸில் நின்றபடியே இருபது அட்டை பார்த்துவிட முடிகிறது. பஸ்ஸில் எனக்கு முடிகிறது, இரண்டு மணி நேர வகுப்பில் அவர்களுக்குப் பத்து நிமிஷம் முடியாதா?

நாளைக்கு ஜெர்மனியில் நான் நர்ஸாக நிற்கும்போது ஒரு முதியவர் “மியர் இஸ்ட் ஷ்விண்டலிஷ்” என்பார். தலை சுற்றுகிறது என்று அர்த்தம். அதுவும் போன மாதமே ‘முடிந்த’ சொல்தான். நான் முழித்துக்கொண்டு நின்றால் கீழே விழப்போவது அவர்.

இன்றைக்குப் பாடம் 14-க்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. நான் எழுதப்போவதில்லை. பாடம் மூன்றிலிருந்து அட்டை வெட்டப்போகிறேன். கேட்டால், இதையேதான் அங்கேயும் சொல்வேன்.