உதைப்பது மட்டும் குறையல்ல
சுடும்போது தோளில் பலமாக உதைப்பதுதான் மோசமான ஷாட்கனின் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கி) முதல் அடையாளம் என்கிறது மோசமான ஷாட்கன்கள் பற்றிய இந்தக் கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. உதை பழகிவிடும், தோள் சில நாள் கன்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். என் கணக்கில் மிக மோசமானது 1911-இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.எல். என்ற ஷாட்கன். தோட்டாவை உள்ளே ஏற்றும் கைப்பிடிக்கு, துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் காப்புரிமை வைத்திருந்ததால், அந்தக் கைப்பிடியே இல்லாமல் இதைச் செய்தார்கள். குழலையே பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். டெக்சாஸில் நண்பரிடம் இருந்த ஒன்றை, தோட்டா இல்லாமல், தள்ளிப் பார்த்தேன். குழலில் பிடிப்புக்காகச் செதுக்கியிருந்த சொரசொரப்பு உள்ளங்கையில் அச்சாகப் பதிந்தது; குழலோ அரை அங்குலம்கூட நகரவில்லை. அக்காலத்தில் பலர் ஏன் துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, மேலிருந்து குழலை அழுத்தினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அப்படி அழுத்தும்போது முகம் குழல்வாய்க்கு நேராக வந்துவிடும். ஈரத்தில் ஊதிப்போன காகிதத் தோட்டா உள்ளே சிக்கியிருந்தால், அழுத்தும்போது அது வெடிக்கலாம்; உயிருக்கே ஆபத்து. எனக்கு முன் கருத்து எழுதிய ஒரு வாசகர், கவனமாகக் கையாண்டால் எந்தத் துப்பாக்கியும் நல்லதே என்று எழுதியிருக்கிறார். சிக்கிய தோட்டாவை எடுக்க ஒரு கைப்பிடிகூட இல்லாதபோது, கவனமானவர்தான் என்ன செய்திருக்க முடியும்?