மும்மடங்கு ஃபண்டுகளுக்குத் தடை வரவில்லை
மும்மடங்கு ஃபண்ட் என்பது ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டின் ஒருநாள் ஏற்ற இறக்கத்தை மூன்று மடங்காகத் தர முயலும் ஃபண்ட். "2020-இல் அமெரிக்காவில் மும்மடங்கு ஃபண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள், சிறு முதலீட்டாளர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை" என்று சிலர் எழுதுவது இரண்டு வகையிலும் தவறு. 2019 நவம்பரில் எஸ்இசி (அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) முன்வைத்தது தடையே அல்ல. வாடிக்கையாளரின் அனுபவத்தையும் நிதிநிலையையும் விசாரித்த பிறகே இவற்றை வாங்கத் தரகர் அனுமதி தர வேண்டும் என்ற விதி. அதை எதிர்த்துத் தனிநபர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். 2020 அக்டோபரில் வந்த இறுதி விதியில் அந்தப் பகுதியே இல்லை. புதிதாக மும்மடங்கு ஃபண்ட் தொடங்கத்தான் வரம்பு வந்தது. ஏற்கெனவே இருந்தவை தொடர்ந்தன.

சரி, ஆபத்து இல்லையா? நிச்சயம் இருக்கிறது. அந்த மும்மடங்கு ஒருநாள் கணக்கு மட்டுமே. குறியீடு 100-லிருந்து 90-க்கு விழுந்து மறுநாள் 100-க்கே திரும்பினாலும், 100-இல் இருந்த ஃபண்ட் முதல் நாள் 30% விழுந்து 70 ஆகி, மறுநாள் சுமார் 33% ஏறி, சுமார் 93-இல்தான் நிற்கும்.