பக்கத்து வளவை வாங்கினவரிடம் பேப்பரைக் கேட்பது குற்றமா?

பக்கத்து வளவு கைமாறிவிட்டது. யாரிடமிருந்து, எந்த வழியால் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். "உமக்கேன் பிள்ளை இந்த வேலை, அவர் காசு குடுத்து வாங்கினவர், இருந்திட்டுப் போகட்டும்" என்று நான் மதிக்கிற பெரியவர்களே சொல்லும்போதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது வன்னியில் விசுவமடுப் பக்கம். படித்த வாலிபர் திட்டத்தில் அந்தக் காலம் காடு வெட்டி, மிளகாயும் வெங்காயமும் போட்டு ஆளான காணிகள். எல்லாமே பெர்மிட் காணி, அதாவது அனுமதிப் பத்திரத்தில் அரசு இருக்கவிட்ட அரச காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. அதன்படி பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் முடியாது. அந்தச் சட்டத்தை மீறுகிற கைமாற்றத்தை நொத்தாரிசு உறுதியாக, அதாவது சட்டப்படியான காணிப் பத்திரமாக, எழுதவும் கூடாது. இது எங்கள் ஊரில் காணி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே முத்திரை ஒட்டின கடதாசியிலும் வெள்ளைத் தாளிலும் கையெழுத்து வாங்கி "வித்தாச்சு" என்று சொல்கிற பழக்கம் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் இருக்கிறது.

பக்கத்து வளவு ஆச்சியுடையது. ஐயா முந்தியே போய்விட்டார். 2009 தை மாதம் எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம், ஆச்சி, மகள், பேத்தி என்று. மகள் முள்ளிவாய்க்காலில் முடிந்துவிட்டாள். ஆச்சியும் பேத்தியும் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை, பெர்மிட் எங்கே போனதென்றும் தெரியாது. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் வந்தது. அது போதாமல் ஆச்சி மாட்டை விற்றுத்தான் அந்த வீட்டைக் கட்டி முடித்தா.

ஆச்சி செத்துப்போனா. இப்போது அந்த வீட்டில் இருப்பவர் கண்ணியமான மனிதர். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், மனைவி நல்ல பிள்ளை. வந்த கையோடு கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுச் சீமெந்துத் தூண் நட்டுக் கம்பி அடித்தார். நான் கேட்டேன். "உறுதி இருக்கக்கா, பிரான்சில இருக்கிற ஆச்சியின்ர மகன் தத்துவம் அனுப்பினவர், அதிலதான் எழுதினது" என்றார். தத்துவம் என்றால் தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போடலாம் என்று கொடுக்கிற அதிகாரப் பத்திரம். பொய் சொல்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை. அவரையே யாரோ ஏமாற்றியிருக்கலாம் என்ற பயம்தான் எனக்குக் கூடுதலாக இருக்கிறது. பெர்மிட் காணிக்கு எங்கிருந்து உறுதி வந்தது?

அப்புறம் இன்னொரு விஷயம். போர் முடிந்த பிறகு தொலைந்த பெர்மிட்டுகளுக்கும் பிணக்குக் காணிகளுக்கும் தீர்வு என்று 2013/01 காணிச் சுற்றறிக்கை வந்ததே, படிவம் நிரப்பி, விசாரணைக்குப் போய், அயலாரைக் கூப்பிட்டுக் கேட்டார்களே, அப்போது ஆச்சிக்காகச் சாட்சி சொல்லப் போனவர்களில் நானும் ஒருத்தி. ஆச்சியின் பெயரில் புதுப் பெர்மிட் கிடைத்தது. தனக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளியாக அவ எழுதுவித்தது பேத்தியைத்தான், பிரான்சில் இருக்கிற மகனை அல்ல. மகனும் அதற்கு அப்போது மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை என்று ஆச்சியே எனக்குச் சொன்னா. தன் பெயரில் இல்லாத காணிக்கு மகன் எப்படித் தத்துவம் கொடுப்பார்? கொடுத்தாலும் அது செல்லுமா?

இதற்குச் சிலர், பேத்தி வரவில்லைத்தானே, வவுனியாவில் படித்து அங்கேயே வேலை எடுத்துவிட்டாள், ஆச்சி செத்து ஆறு மாதத்துக்குள் வந்து காணியைப் பொறுப்பெடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்று சட்டம் பேசுகிறார்கள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அவளுக்கு உரிமை போனாலும் அடுத்து யாருக்கு என்று தீர்மானிப்பது பிரதேச செயலகம். பூட்டிக் கிடந்த வீட்டை யாரும் யாருக்கும் விற்கலாம் என்று அந்த விதி சொல்லவில்லை. இன்னொருவர் பத்து வருஷம் இருந்தால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்கிறார். அது தனியார் காணிக்கு, அரச காணிக்கு அந்தக் கதை எடுபடாது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரில் வேறு விதமான சந்தேகங்களும் ஓடுகின்றன. எந்த ஊர், என்ன ஆட்கள், எங்கிருந்து இவ்வளவு காசு, ஆமிக்காரனோடு பழக்கமோ என்றெல்லாம். அந்தக் கதைகளில் எனக்கு ஒரு துளியும் பங்கில்லை, கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறின சனங்களையும் இப்படித்தான் என்ன ஆட்கள் என்று கேட்டார்கள், அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்றைக்கும் சரியான காணிப் பத்திரம் இல்லாமல் தவிக்கின்றன. என் சந்தேகம் ஆளின் மேல் இல்லை, கடதாசியின் மேல்தான். வேலிக்கு வெளியே நின்று குசுகுசுக்கிறவர்கள் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே "உறுதியைக் காட்டுங்கோ" என்று கேட்டதில்லை. கேட்டது நான் மட்டும்தான், அதனால் கெட்டவளும் நான்தான்.

அயலுக்கு இதில் என்ன உரிமை என்று கேட்கிறார்களே, வன்னியில் அயல்தான் காணிக்குச் சாட்சி. எல்லைக்கல் புல்டோசரில் போய்விட்டது, பூவரசும் கதியாலும் எரிந்துவிட்டன, பத்திரம் பங்கருக்குள் உக்கிப்போனது. திரும்பி வந்தபோது இது இன்னாருடைய வளவு, கிணறு இந்தப் பக்கம், பனை அந்தப் பக்கம் என்று சொல்ல இருந்தது பக்கத்து வீட்டுச் சனம் மட்டும்தான். என் காணியும் அப்படித்தான் ஆச்சியின் வாயால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. விதானையார், அதாவது கிராம அலுவலர், கேட்டபோது அவ வெயிலில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்று எல்லை காட்டினா. அன்றைக்கு எங்களை எல்லோரும் கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்கள், இன்றைக்கு அதே சாட்சி வாய் திறந்தால் "உமக்கேன்" என்றால் அதை என்னால் ஏற்க முடியாது.

சரி, நான் என்ன செய்யப்போகிறேன்? பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய்ப் பேரேட்டில் ஆச்சியின் காணிக்கு நேரே இப்போது யாருடைய பெயர் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கப்போகிறேன். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது, கடிதம் எழுதி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் சொல்லிவிட்டேன், உங்கள் உறுதியின் பிரதியோடு நீங்களும் வாங்கோ, எல்லாம் சரியென்றால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான், பிழையென்றால் காசு வாங்கினவனை மடக்க இதுதான் நேரம் என்று. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

பேத்தியின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் உள்பெட்டியில் எனக்கு எழுதுங்கள், பெயரையோ விலாசத்தையோ கருத்துப் பகுதியில் போட வேண்டாம். பெர்மிட்டின் பிரதி ஒன்று ஆச்சி அவளிடம் கொடுத்து வைத்திருந்தா. அதை எடுத்துக்கொண்டு அவள் ஒருதரம் பிரதேச செயலகத்துக்கு வரவேண்டும், மிச்சத்துக்குச் சாட்சி சொல்ல நான் இருக்கிறேன்.