"எவ்வளவுக்கு வாங்கினே?" என்று இனி யாரும் கேட்காதீங்க

சந்தையில் படும் பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பையைக் கொண்டுவந்து இறக்கியதும் வீட்டில் ஆரம்பிக்கிற விசாரணையைத்தான் தாங்க முடியவில்லை. "தக்காளி வீசை என்ன விலை?" சொன்னால் ஒரு "ஐயோ". "வெங்காயம்?" இன்னொரு "ஐயோ", முன்னதைவிட நீளமாக. "புளிச்சக்கீரை?" இதற்கு ஐயோகூடக் கிடையாது, தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை மட்டும்தான். பர்மாவில், இந்த யாங்கோன் நகரத்தில், தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் இந்த வேலைக்கென்று ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் பெரியம்மா.

"மேல்வீட்டு அக்கா நேத்துதான் வாங்கினா. வீசைக்கு ஐந்நூறு குறைச்சல். ஆம்பளைப் பிள்ளையை அனுப்பினா இப்படித்தான்."

நேத்து! இந்த ஊரில் நேற்றைய விலையைப் பிடித்துக்கொண்டு யாராவது பேசுவார்களா? 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் நம்ம பர்மியக் காசில் 1,300 சாட் சொச்சம். 2022 ஆகஸ்டில் அதிகாரபூர்வ விலை 2,100 என்று வைத்தார்கள். வெளிச்சந்தையில் அது 2024இல் 4,000த்தையும் தாண்டி ஓடியது. டாலர் ஏறினால் டீசல் ஏறும். டீசல் ஏறினால், இன்லே ஏரியில் மிதக்கும் தோட்டங்களில் விளைந்து ஷான் மலையிலிருந்து லாரியில் இறங்கிவரும் தக்காளி ஏறும். வழியில் ஒரு பாலம் மூடியிருந்தால் இன்னும் ஏறும். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. விற்கிறவளே பக்கத்துக் கடையில் கேட்டுத்தான் சொல்கிறாள். இதில் மேல்வீட்டு அக்கா நேற்று கொடுத்த விலைக்கு நான் இன்று எங்கே போவேன்?

சரி, பேரம் பேசத் தெரியாதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். 26ஆம் தெருச் சந்தைக்குப் பெரியம்மா விடிந்தும் விடியாமலும் கிளம்புவதே ஒரு கணக்கோடுதான். பர்மியப் பெண்களுக்கு முதல் போணி என்றால் ஒரு நம்பிக்கை. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். பெரியம்மாவுக்கு அது தெரியும். கீரைக்கட்டைக் கையில் எடுத்து, புரட்டி, முகர்ந்து, கீழே வைத்து, "ஷோ பா, ஷோ பா", குறை, குறை என்று ஆரம்பிப்பார். அந்தப் பெண் "ம யா பூ, அமே", கட்டாதும்மா என்பாள். பெரியம்மா இரண்டடி நகர்வார். நகர்ந்து நின்று, திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கடைக் கத்தரிக்காயை ரசிப்பார். அவ்வளவுதான், கூப்பிட்டுவிடுவாள். காசை வாங்கி, அந்த நோட்டாலேயே ஒவ்வொரு கீரைக்கட்டையும் தட்டி, "ஜே ஊ, ஜே ஊ", முதல் போணி, முதல் போணி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். முகத்தில் சந்தோஷமும் இருக்காது, கோபமும் இருக்காது. எனக்கு அங்கே நிற்கவே கூசும். பெரியம்மாவுக்கு அன்றைய நாளே மலர்ந்துவிடும்.

குறைத்தது எவ்வளவு? ஐம்பது சாட். அதையாவது கையில் வாங்க முடிகிறதா? ஐம்பது, நூறு நோட்டெல்லாம் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. பட்டாலும் கிழிந்து, ஒட்டி, எண்ணெய் குடித்துக் கிடக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால் அதே கடைக்காரி வாங்க மாட்டாள். அதனால் மீதிச் சில்லறைக்கு ஒரு மிட்டாய் தருவார்கள், இல்லையென்றால் டிஷ்யூ பாக்கெட். கால்மணி நேரம் தொண்டை கிழியப் பேசி ஜெயித்த காசு, மிட்டாயாக வீடு வந்து சேர்கிறது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அதையும் நான்தான் தின்ன வேண்டும்.

அப்புறம் எடை. விலையைக் குறைத்தவர்கள் தராசைப் பார்ப்பதே இல்லை. சின்னக் கடைகளில் இன்னும் பழைய பேட்டரிக் கட்டையைத்தான் எடைக்கல்லாகத் தட்டில் வைக்கிறார்கள். வீசை என்றால் பர்மிய எடைக் கணக்கில் நூறு தா, கிலோ கணக்கில் 1.63. கால் வீசை வெங்காயத்துக்கு விலையில் விட்டுக்கொடுத்தவள் எடையில் இரண்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டால் யார் கேட்பது? நான் கேட்டேன். "அவ அப்படியெல்லாம் செய்ய மாட்டா, நமக்குத் தெரிஞ்சவ" என்றார் பெரியம்மா. தெரிந்தவளிடமா அரைமணி நேரம் சண்டை போட்டீர்கள்?

எனக்குக் கொதிப்பதெல்லாம் இந்த வீரம் எண்ணெய்க்கடையில் எங்கே போகிறது என்பதுதான். பாமாயிலுக்கு வாராவாரம் ஒரு மொத்தவிலை அறிவிக்கிறார்கள். அறிவித்த விலைக்கும் கடை விலைக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. தங்கத்துக்கும் அப்படியே, சொல்லும் விலை ஒன்று, விற்கும் விலை வேறு. டாலரைக் கேட்கவே வேண்டாம். வாயைத் திறந்து சண்டை போட நியாயம் உள்ள இடமென்றால் இவைதான். ஆனால் எண்ணெய்க்கடையில் பெரியம்மா பாட்டிலை நீட்டுவார், அவன் சொன்ன தொகையை எண்ணி வைப்பார், "மூடியை நல்லா திருகு தம்பி" என்று மட்டும் சொல்வார். ஷோபாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த எண்ணெயில் கூடக் கொடுத்ததைக் கீரையில் எடுக்கப் பார்த்தால், எத்தனை வருஷத்துக் கீரையை வாங்குவது!

விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எல்லோரும் பாதிக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்து, எடுத்த எடுப்பிலேயே ஏற்றிச் சொல்கிறார்கள். அதனால் பேசத் தெரியாதவன், அவசரக்காரன், என்னைப் போல வெட்கப்படுகிறவன், எல்லோரும் பேரக்காரர்களுக்கும் சேர்த்துத் தண்டம் கட்ட வேண்டியிருக்கிறது. சூரத்தி பஜாரில் ஒரு லுங்கித்துணி வாங்கப் போனால், அவர்கள் ஒரு விலை சொல்ல, நான் ஒரு விலை சொல்ல, இருவருக்கும் கடைசி விலை முன்கூட்டியே தெரிய, ஆனாலும் அந்த நாடகத்தை முழுசாக நடத்திவிட்டுத்தான் துணியை மடிக்கிறார்கள். ஒரு அட்டையில் விலையை எழுதி மாட்டினால் கையா ஒடிந்துவிடும்? விலை தினமும் மாறுகிறதா? சாக்பீஸால் எழுதுங்கள், அழித்து அழித்து எழுதுங்கள்.

டாக்ஸியைப் பற்றி எழுதினால் ரத்தக்கொதிப்பு கூடும். யாங்கோன் டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது. மழையில் நின்று கண்ணாடிக்குள் தலையை விட்டுத்தான் பேச வேண்டும். ஆப் வந்தபோது, ஆகா, இனிப் பேரமில்லை என்று நினைத்தோம். இப்போது ஆப்பில் வண்டி கிடைத்ததும் போன் வருகிறது: "எங்கே போகணும்? மேலே எவ்வளவு போட்டுத் தருவீங்க?" பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பவன் அவன், கேட்கத்தான் செய்வான். நான்தான் மழையில் நனைந்துகொண்டே போனில் பேரம் பேசுகிறேன்.

இதற்கே இப்படிப் புலம்புகிறாயே என்று தாத்தா சொல்வார். 1987இல் 25, 35, 75 சாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்று சொல்லிவிட்டு, 45க்கும் 90க்கும் நோட்டு அடித்தார்கள். அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசி மீதி வாங்கிய தலைமுறை. அவர்கள் கணக்குத் திறமைக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தத் திறமை எனக்கும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகவே பெரியம்மாவுக்கும், மேல்வீட்டு அக்காவுக்கும், காளியம்மன் கோயில் வாசலில் என் பையைக் கிளறிப் பார்க்கிற அத்தைமார்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். வாங்கிவரச் சொன்னதை வாங்கி வருவேன். என்ன விலை கேட்டார்களோ அதைக் கொடுப்பேன். ரொம்ப அநியாயம் என்றால் வாங்காமல் திரும்பிவிடுவேன், அன்றைக்கு வீட்டில் பருப்புக் குழம்பு. விலையை மட்டும் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் நாளைக்குப் பாமாயில் தீர்ந்துவிடும், பாட்டிலை நானே கழுவித் தருகிறேன். அந்தக் கடைக்காரனிடம் போய் ஐம்பது சாட் குறைத்து வாங்கிவிட்டு வந்து கேளுங்கள்.