என் மகளின் மார்க் எனக்கு வரட்டும், குரூப்புக்கு வேண்டாம்

பிள்ளைகளின் மார்க் பட்டியலைக் குழுவில் போட வேண்டாமே என்று நேற்று ராத்திரி நான் இங்கே போட்ட இரண்டு வரிக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் மகளின் பத்தாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியிலிருந்து வந்த காலாண்டுத் தேர்வுப் பட்டியல் பற்றித்தான். 42 பிள்ளைகள். பெயர், ஐந்து பாடம், மொத்தம், ரேங்க். 35க்குக் கீழே இருந்த கட்டங்களுக்கெல்லாம் சிவப்பு. சில வீடுகளில் அந்த ஃபோன் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும்.

என் மகளின் மார்க் எனக்கு வர வேண்டும், அவளுக்கும் தெரிய வேண்டும். மீதி 41 வீட்டுக்கு அது எதற்கு?

அவளுடைய அறிவியல் கட்டம் சிவப்பு. 29. பத்தாம் வகுப்பில் அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, மீதி 25 செய்முறைக்கு. பொதுத்தேர்வில் எழுத்தில் 20 எடுத்தால் போதும், செய்முறையும் சேர்ந்து 35 வந்தால் தேர்ச்சி. இங்கே செய்முறை மார்க்கைச் சேர்க்கவே இல்லை. 75க்கு எழுதியதை நூற்றுக்கு எழுதியது போல வைத்து, 35க்குக் கீழே என்று சிவப்படித்துவிட்டார்கள். கணினி தானாகப் போட்ட நிறமாக இருக்கலாம், அவசரமாக இருக்கலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் யாராவது ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா? என் மகள் ஃபெயில் என்று அவளுடன் படிக்கும் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“பொதுத்தேர்வு ரிசல்ட்டே ஊருக்குத் தெரியும், இதில் என்ன ரகசியம்” என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போது அப்படி இல்லைங்க. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டால்தான் முடிவைப் பார்க்க முடியும். பள்ளியில் கொடுத்த செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. 8 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் எழுதுகிற தேர்வின் முடிவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடிகிறது. 42 பேருக்கு முடியாதா?

இன்னொருவர், “அந்தக் காலத்தில் ரேங்க் கார்டு இல்லையா, நாமெல்லாம் வளரவில்லையா” என்றார். இருந்தது. எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார்டை நீட்டினால் சிவப்பு மையில் கோடு போட்ட எண்கள் எத்தனை என்று விரல் வைத்து எண்ணுவார். கைநாட்டு வைப்பார். அவ்வளவுதான். அன்று சோறு தொண்டையில் இறங்காது, அவருக்கும் எனக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 28. அந்தத் தடவை கணக்கு டீச்சர் குறிப்பு எழுதும் இடத்தில், “பின்னம் வரும் கணக்குகளில்தான் தடுமாறுகிறாள். மாலையில் அரை மணி நேரம் என்னிடம் இருக்கட்டும்” என்று எழுதியிருந்தார். மளிகைக்கடை அண்ணன்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அம்மா மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். என்னைப் பற்றிப் பள்ளிக்கூடம் அம்மாவிடம் பேசியது அன்று ஒரு நாள்தான். அந்தக் கார்டும் அம்மாவும் நானும் அந்த அண்ணனும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஆசிரியர்களுக்கு வேலை அதிகம் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. என் தங்கையும் ஆசிரியைதான். பாடம், விடைத்தாள், பதிவேடு, அதற்கு மேல் ஆன்லைனில் ஏற்றும் வேலை, எல்லாம் முடித்து அவள் தூங்கப் போகும் நேரம் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், நீண்ட அறிக்கை யாரும் கேட்கவில்லை. பட்டியலைக் குழுவில் போடாமல் இருப்பதற்கு நேரம் எதுவும் செலவாகாது.

போட்டி இருந்தால்தான் படிப்பார்கள் என்கிற பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

“உங்கள் பெண் முதல் மூன்றில் வந்திருந்தால் இப்படி எழுதுவீர்களா?” இந்தக் கேள்விதான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. வந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பில் மூன்றாவது. அன்று வந்த பட்டியலை அப்படியே எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன், கடைசியில் இருந்த பிள்ளைகளின் பெயரோடு சேர்த்து. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை. தப்பு. அவர்களில் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். மன்னித்துவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார்கள். போன கூட்டத்தில் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். என் முறை வந்தது, மார்க் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார்கள். “இன்னும் கொஞ்சம் கவனம் வேணும் மேடம்.” எதில் கவனம்? படிக்கிறாளா, புரியவில்லையா, புரிந்தும் எழுத வரவில்லையா? கேட்பதற்குள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வாங்கி வந்திருந்த விடைத்தாளை இன்று காலை எடுத்தோம். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எழுதிய பதில்களில் பெரும்பாலும் சரி. ஏழு மதிப்பெண் கேள்வி மூன்று, அதில் இரண்டைத் தொடவே இல்லை. விடை தெரியாமல் இல்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி நேரத்தை விட்டிருக்கிறாள். மின்னோட்டப் படத்தை ஸ்கேல் வைத்து அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாள். திருத்தியவர் இதையெல்லாம் பார்த்துத்தானே மார்க் போட்டிருப்பார். எனக்கு வந்து சேர்ந்தது 29 என்ற எண்ணும் ஒரு நிறமும்.

வகுப்பு ஆசிரியைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அந்தப் பட்டியலை நீக்குங்கள், அறிவியல் கட்டங்களைத் திருத்தி அவரவருக்கு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “அம்மா, நீங்க குரூப்ல எதுவும் எழுதலைல்ல?”