டிவிஷன்களை எண்ணிப் பெருக்கினால் போதுமா?
இரண்டாம் உலகப் போர்க்காலப் படைகளின் அளவைக் கணக்கிடுவது பற்றிய இந்தக் கட்டுரை, டிவிஷன்களின் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவுகளின்) எண்ணிக்கையை ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட ஆள்பலத்தால் பெருக்கினால் படையின் அளவு கிடைத்துவிடும் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 1941 ஏப்ரல் ஆணைப்படி சோவியத் ரைஃபிள் (காலாட்படை) டிவிஷனுக்கு 14,483 பேர். ஆனால் ஜூன் 22 அன்று ஜெர்மனி தாக்கியபோது எல்லையோரம் இருந்த பலவற்றில் எட்டாயிரம், பத்தாயிரம் பேர்தான் இருந்தார்கள். ஜூலை இறுதியில் அந்த அளவையே 10,859 ஆகக் குறைத்துவிட்டார்கள். டாங்கிகளும் அப்படித்தான், பட்டறையில் பழுதாகிக் கிடந்த பழைய டி-26 ரக டாங்கிகூடக் கணக்கில் இருக்கும். மேலே கருத்து எழுதிய ஒருவர் ரேஷன் பட்டியலை (உணவு வழங்கப்பட்டவர்களின் கணக்கை) நம்பலாம் என்கிறார். அதில் சமையல்காரர், எழுத்தர், வண்டியோட்டி எல்லாரும் அடக்கம், அகழியில் துப்பாக்கி பிடித்தவர்கள் ஒரு பகுதிதான். அந்த ஜெர்மன் படையெடுப்பான பார்பரோசாவை வைத்து நான் உருவாக்கிய போர் விளையாட்டு சினாரியோவில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் அன்றைய நிலைக்கேற்ப தனி சதவீதம் கொடுத்த பிறகுதான், சோவியத் நகரமான மின்ஸ்க் வரலாற்றில் நடந்ததுபோல ஜூன் கடைசியில் வீழ்ந்தது.