200-ஆவது டர்ன்

லேப்டாப்பில் நான் ஆடும் ராஜாக்கள் போர் கேமில், முதல் 50 டர்ன் (நானும் எதிரிகளும் மாறி மாறி ஆடும் சுற்று) எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடுகிறது. 200-ஐத் தாண்டட்டும், அப்புறம் தெரியும் சேதி. 'அடுத்த டர்ன்' பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும், எதிரி அரசர்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கிராபிக்ஸைக் குறை என்கிறார்கள். குறைத்தேன். நிழல் போனது, ஆற்றில் பளபளப்பு போனது, என் குதிரைப்படை களிமண் உருண்டையானது. காத்திருப்பு மட்டும் ஒரு நொடிகூடக் குறையவில்லை. எப்படிக் குறையும்? எதிரிகளின் கணக்கைப் போடுவது லேப்டாப்பின் மூளையான சிபியு. அதிலும் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் பல கோர்களில், அதாவது கணக்குப் போடும் பகுதிகளில், ஒரே ஒரு கோர் மாங்குமாங்கென்று உழைக்க, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. அந்தச் சிபியுவோ 95 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஃபேன் போடுகிற சத்தத்தில் போர்முரசே கேட்கவில்லை.

ஃப்ரேம் ரேட்டை, அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் என்பதை, 60-இல் கட்டிப்போட்டு, பின்பக்கம் இரண்டு புத்தகங்களை முட்டுக்கொடுத்த பிறகு சூடு கொஞ்சம் தணிந்தது. சரி, இனி ஆடலாம் என்று உட்கார்ந்தால், சார்ஜர் பிளக் லூசாகி எப்போதோ பேட்டரிக்கு மாறியிருக்கிறது. ஃப்ரேம் 20-க்கு இறங்கிவிட்டது. கோட்டை வாசலில் என் யானை ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறது.